ஆடாத பலகை

முன்னொரு காலத்தில், ஆடுபுலி ஆட்டத்தில் தோற்றே அறியாத அரசர் ஒருவர் இருந்தார். அவர் கெட்டிக்காரர் என்பதால் அல்ல. அவரைத் தோற்கடிக்க யாருக்கும் தைரியமில்லை. மூன்று புலிகளும் எப்போதும் அவருக்கு. ஆடுகள் எதிராளிக்கு. ஆடுகள் சூழ்ந்து, புலிகள் நகர வழியில்லாமல் போனால் புலிக்காரர் தோற்றார். அப்படி ஒன்று அந்த அரண்மனையில் நடந்ததே இல்லை.

அரசருக்கு இரண்டு பலகை அதிகாரிகள். சபையில் கிடக்கும் கற்பலகை ஆளவந்தார் பொறுப்பு. பயணத்துக்கான உள்ளங்கையளவுப் பலகை வீரசேனர் பொறுப்பு. ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் அரசர் கோயிலுக்குக் கிளம்பினால், கல்லில் விட்ட ஆட்டம் கல்லோடு போயிற்று. பல்லக்கில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அரசவை விகடன் கூத்தனுக்கு வேறு கஷ்டம். மனைவி இறந்தபின் வீட்டில் எதிரே உட்கார ஆளில்லை. அதனால் ஒரு மரப்பலகை செய்தான். கால்களை விரித்தால் கூடத்துப் பலகை. மடக்கினால் மடிப் பலகை. காய்கள் துளைகளில் செருகி நிற்கும். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் ஊரில் கண்டவனோடெல்லாம் ஆடினான்.

ஒருநாள் அரசரும் ஆடிப் பார்த்தார். கூடத்தில் தொடங்கிய ஆட்டம் பல்லக்கில் தொடர்ந்தது. "இனி எனக்கு இதுதான்!" என்றார்.

"வீட்டுக்கும் இல்லாமல் வெளிக்கும் இல்லாமல் இதென்ன பிறவி!" என்று ஆளவந்தார் சிரித்தார். மறுநாளே சபையிலிருந்து கோயில்வரை கூவும் ஆட்களை நிறுத்தினார். அரசர் பல்லக்கில் சொல்வதை ஒருவர் கூவ, அடுத்தவர் வாங்கிக் கூவ, சபையில் கற்பலகையில் காய் நகரும். கோயில் மேளம் தொடங்கியதும் காரியம் கெட்டது. "ஆட்டை வெட்டு" என்று போன கட்டளைக்கு, "எந்த மாட்டைக் கட்டுவது?" என்று பதில் வந்தது.

வீரசேனர் சும்மா இருப்பாரா? தம் சிறு பலகையில் விளக்கு, விசிறி, வெற்றிலைப் பெட்டி, தண்ணீர்ச் செம்பு எல்லாம் பொருத்தினார். நான்கு பேர் அதைத் தூக்கி வந்தார்கள்.

"கையடக்கம் என்றீரே?" என்றார் அரசர்.

"கையடக்கம்தான் பிரபு. எட்டுக் கை."

பிறந்தது முதல் ஒத்துப்போகாத அதிகாரிகள் இருவரும் அன்று ஒன்று சேர்ந்தார்கள்.

"பிரபு, பல்லக்கு அசைந்தால் கூத்தனின் பலகையும் ஆடுகிறது. அரசர் மடியில் பலகை ஆடினால் அரியணையும் ஆடும். தங்களுக்கு வேண்டியது ஆடாத பலகை."

சகுனம் என்றால் அரசருக்குப் பயம். "கூத்தா! நாளை நான் கோயில் போய்ச் சேருமுன் ஆடாத பலகை என் மடியில் இருக்க வேண்டும். இல்லையேல் உன் பலகை மடைப்பள்ளி அடுப்புக்கு."

"ஆடாத பலகைதானே பிரபு? ஆகட்டும்."

வாசலில் ஆளவந்தார் மறித்தார். "என்னடா கோமாளி, அடுப்பில் வைக்கும்போது காலை மடக்கி வைப்பாயா, விரித்து வைப்பாயா?"

கூத்தன் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான். அது எரிந்தால் அவனுக்கு ஆளில்லாத வீடுதான் மிச்சம்.

மறுநாள் அதே பலகையோடு வந்து, பல்லக்கில் அரசருக்கு எதிரே உட்கார்ந்தான். முந்தின நாள் பாதியில் நின்ற ஆட்டம் அப்படியே இருந்தது. அரசர் புலியை நகர்த்தினார். பல்லக்கு மேட்டில் ஏறியது.

"ஆடுகிறது, பிரபு! ஆடுகிறது!" என்று கூடவே நடந்த வீரசேனர் கூவினார்.

"பொறும் ஐயா. இன்னும் செய்து முடிக்கவில்லை" என்றான் கூத்தன். ஓர் ஆட்டை நகர்த்தினான். பிறகு இன்னொன்றை. கோயில் கோபுரம் தெரிந்தபோது கடைசி ஆட்டைச் செருகிவிட்டுக் கை கட்டிக்கொண்டான்.

"முடிந்தது பிரபு. ஆடிப் பாருங்கள்."

அரசர் ஒரு புலியைத் தொட்டார். வழியில்லை. அடுத்ததைத் தொட்டார். மூன்றாவதற்கும் வழியில்லை.

"ஆட முடியவில்லையே!"

"தாங்கள் கேட்ட ஆடாத பலகை."

பல்லக்குத் தூக்கிகள் நின்றுவிட்டார்கள். அரசர் பலகையையே பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பல்லக்கே குலுங்கியது; புலிகள் இருந்த இடத்தில் இருந்தன.

"என்னைத் தோற்கடிக்கச் சொல்லி என்னையே கட்டளையிட வைத்தார்களே இந்த இருவரும்! கூத்தா, என்ன வேண்டும்? கேள்."

"எதிரே உட்கார ஓர் ஆள், பிரபு. தினமும்."

அரசர் சிரிப்பை நிறுத்தினார். "நானே வருகிறேன்" என்றார். "ஆனால் நாளையிலிருந்து ஆடுகள் எனக்கு."

பிறகு அதிகாரிகள் பக்கம் திரும்பினார். "பலகையைக் கூத்தன் வீடுவரை நீங்கள் சுமந்து வாருங்கள். கையடக்கம்தான். நான்கு கை போதும்."