கடல் பார்க்கப் போன ஒச்சாயி

ஒரு ஊருல, ராஜா இல்லாத ஊருதான், சும்மா ஆடும் மாடும் கம்மங்காடும் இருக்கிற ஊரு, அந்த ஊருல ஒச்சாயின்னு ஒருத்தி இருந்தாளாம். நாப்பது வயசு தாண்டியாச்சு. புருசன் பேரு சோணை. மூணு புள்ளைக. மூத்தவளைக் கட்டிக் குடுத்தா, நடுவுளவளைக் கட்டிக் குடுத்தா, கடைசிப் பயலுக்கும் ஒரு பொண்ணைப் பாத்து முடிச்சு வச்சா, அவன் பொண்டாட்டி ஊரோட போயிட்டான். வீட்டுல இப்ப ரெண்டே பேரு. ரெண்டு பேருக்கு எம்புட்டு சோறு ஆக்கணும்? அடுப்பு சீக்கிரம் அணைஞ்சிருது, பொழுது அணைய மாட்டேங்குது.

அப்ப ஒருநா குழம்புல உப்பைப் போடுறா. போட்ட கை அப்படியே நின்னுச்சாம். "இத்தனை வருசமா உப்பு போடுறேன். இது வந்த கடலு எப்படி இருக்கும்?"ன்னு நெனச்சா. நெனச்சவ சும்மா இருந்தாளா? இல்லையே.

மூத்த மககிட்டப் போயி, "ஆத்தா, நான் கடலு பாக்கப் போறேன்"னா. "உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? எனக்கு ஆறு மாசம், பிரசவம் பாக்க ஆளு வேணும்ல"ன்னா அவ. பிரசவம் பாத்து, புள்ளையைக் குளிப்பாட்டி, தவழவிட்டுட்டு வந்தா. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரிகிட்ட, "நான் கடலு பாக்கப் போறேன்"னா. "போற வயசா இது? திருநீறைப் பூசிக்கிட்டுப் படு"ன்னா அவ. அப்புறம் சோணைகிட்ட வந்து, "இந்தாங்க, நான் கடலு பாக்கப் போறேன்"னா.

சோணை ரொம்ப நேரம் தாடையைச் சொறிஞ்சானாம். அவனுக்கு ஊர் எல்லையைத் தாண்டுனா வயித்தைக் கலக்கும், அப்படிப்பட்ட ஆளு. ஆனா கெட்டவன் இல்லை. "சரி புள்ள, போயிட்டு வா. போறதுக்கு முன்னால கஞ்சி எப்படிக் காய்ச்சுறதுன்னு மட்டும் காட்டிட்டுப் போ"ன்னான்.

அப்ப ஒச்சாயி மூட்டை கட்டுனா பாருங்க! கம்பு மாவு ஒரு பொட்டலம், கருவாடு ஒரு பொட்டலம், கம்பளி ஒண்ணு, வெங்கலக் கும்பா ஒண்ணு, அதோட அம்மிக்குழவி. ஆமாடா சேது, குழவிதான், கதை கேக்குறப்ப சிரிக்காத. வழியில துவையல் அரைக்க வேணாமா? எல்லாத்தையும் தலையில தூக்கி வச்சுக்கிட்டு கிழக்க பாத்து நடந்தா. ஊர் எல்லையில காலு நின்னுருச்சாம். "திரும்பிருவமா?"ன்னு யோசிச்சா. திரும்புனா ஊரு சிரிக்கும். சரி, ஊரு சிரிக்கிறதுக்குப் பயந்தாவது நடப்போம்னு நடந்தா.

நடந்தா, நடந்தா, நடந்தா. கழுத்து ஒடியுது. ஒரு ஊருல ஒருத்தி கல்லுல மிளகா நசுக்கிக்கிட்டு இருந்தா. அவ குழவி ஒடைஞ்சு போச்சாம். "இந்தா தாயி, இதை நீ வச்சுக்க"ன்னு குழவியைக் குடுத்துட்டா. அவ சோறு போட்டு அனுப்புனா. மறுபடி நடந்தா, நடந்தா, நடந்தா. ஒரு சாவடியில ஒரு வயசாளி குளிருல நடுங்குனாரு. கம்பளியைக் குடுத்துட்டா. "மகராசியா இரு"ன்னாரு. மறுபடி நடந்தா, நடந்தா, நடந்தா. தலையில பாரம் கொறையக் கொறைய வழியில இருக்கிறதெல்லாம் கண்ணுல பட ஆரம்பிச்சுச்சாம். முன்னால மூட்டை அழுத்துனதுல அவ தரையைப் பாத்தேதான் நடந்திருக்கா. இப்பத்தான் நிமிந்து பாத்து, வானத்துல கொக்கு வரிசையாப் போறதைப் பாத்தா.

அப்புறம் ஒரு ஆறு குறுக்க வந்துச்சு. இடுப்பளவு தண்ணி, இழுப்பு சாஸ்தி. சனங்க ஒருத்தர் கையை ஒருத்தர் புடிச்சுக்கிட்டு எறங்குறாக. ஒச்சாயி கரையிலயே நிக்கிறா. ஏன்னு கேளுங்க. அவ பொறந்ததுல இருந்து யாரு கேட்டாலும் கை குடுத்தவ, யாருகிட்டயும் கை கேட்டதில்லை. வாய் வரலை. எல்லாரும் எறங்கியாச்சு, கடைசியில ஒரு வளையல்காரரு, முதுகுல பெட்டியோட, அவரும் எறங்கப் போறாரு. அப்பத்தான் அவ, "அண்ணே, எனக்குப் பயமா இருக்கு, கொஞ்சம் கையைக் குடுங்க"ன்னா. "இதைக் கேக்கத்தான் இம்புட்டு நேரம் நின்னியாம்மா? எனக்கும்தான் பயம், வா"ன்னாரு அவரு. ரெண்டு பயந்தவகளும் கையைப் புடிச்சுக்கிட்டு அக்கரை ஏறிட்டாக. அதுல இருந்து அண்ணன் தங்கச்சியாச் சேந்து நடந்தாக.

ஆத்தைத் தாண்டுனா பொட்டக்காடு. ஒரு மரம் கெடையாது, ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது, நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. அந்தக் காட்டுக்கு நடுவுல ஒரே ஒரு கெணறு. எந்தக் காலத்துலயோ எந்தப் புண்ணியவானோ வழிப்போக்கருக்குன்னு வெட்டுனது. நல்ல ஆழம், நாலு பக்கமும் கல்லுக் கட்டு. ஆனா அதைச் சுத்தி முள்ளுவேலி! வேலி வாசல்ல கொம்பையான்னு ஒருத்தன் கட்டிலைப் போட்டு உக்காந்திருக்கான்.

"தண்ணி வேணுமா? என் பருத்திக்காட்டுல பொழுது சாயிற வரைக்கும் களை வெட்டணும். வெட்டுனா ஒரு செம்புத் தண்ணி. குடிக்க மட்டுந்தான், கொண்டு போகக் கூடாது"ன்னான்.

"வழிப்போக்கருக்கு வெட்டுன கெணறு தானய்யா?"ன்னாரு வளையல்காரரு.

"அதை என்கிட்டக் கேக்காத, உள்ள இருக்கிற பூதத்துகிட்டக் கேளு"ன்னு கொம்பையா எந்திரிச்சு, கெணத்துக்குள்ள குனிஞ்சு கத்துனான். "பூதமே பூதமே! இந்தத் தண்ணி யாருக்கு? வழிப்போக்கனுக்கா? ஊர்க்காரனுக்கா? கொம்பையாவுக்கா?"

கெணத்துக்குள்ள இருந்து, "கொம்பையாவுக்கா... யாவுக்கா... வுக்கா..."ன்னு கேட்டுச்சு.

எல்லாருக்கும் மயிரு கூச்செறிஞ்சு போச்சு. "கேட்டீகளா? என் உத்தரவு இல்லாமக் குடிச்சா வயிறு வீங்கிச் சாவீக"ன்னான் அவன். அங்க ஏற்கெனவே நெறைய பேரு மாட்டிக்கிட்டுக் கெடந்தாக. ஒரு செம்புத் தண்ணியைக் குடிச்சுட்டு அந்தக் காட்டைத் தாண்டவும் முடியாது, ஆத்துக்குத் திரும்பவும் முடியாது, அங்கயே கெடந்தா மறுநாளும் களை வெட்டணும். போனவன் போனவன் அங்கயே காஞ்சு கருவாடா நின்னான். ஒச்சாயியும் வெட்டுனா, வளையல்காரரும் வெட்டுனாரு. வளையல்காரரு ஒருநா வெயில்ல மயங்கி விழுந்துட்டாரு. அவரு தலையை மடியில வச்சுக்கிட்டு, தன் செம்புத் தண்ணியில பாதியை அவரு வாயில ஊத்துனா. "தங்கச்சி, நான் இங்கேயே போயிருவேன் போலருக்கு, நீ எப்படியாவது கடலைப் பாத்துரு"ன்னாரு.

மறுநா கொம்பையா அவளைக் கூப்புட்டு, "மாட்டுக்குத் தண்ணி எறை"ன்னான். எறைக்கிறா. கயிறு வழுக்கி உள்ளங்கையை உரசிருச்சு. வலி தாங்காம, "அடி ஆத்தீ!"ன்னு கத்துனா. கெணத்துக்குள்ள, "ஆத்தீ... த்தீ..."ன்னுச்சு.

பயந்து போனா. அப்புறம் யோசிச்சா. கயிறு உரசுனது என் கையை, பூதம் எதுக்கு ஆத்தீங்குது? சுத்திமுத்தும் பாத்தா, யாருமில்லை. குனிஞ்சு, "சோணைக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியாது!"ன்னா. "தெரியாது... யாது..."ன்னுச்சு. அட, இது எங்க வீட்டுக் கதையாச்சே! இதுக்கு எப்படித் தெரியும்? அப்பத்தான் அவளுக்கு வெளங்குச்சு. மூணு புள்ளை வளத்தவளுக்குத் தெரியாதா? பேச்சுப் பழகுற புள்ளை, நாம சொன்னதுல கடைசி வார்த்தையைப் புடிச்சுத் திருப்பிச் சொல்லும்ல, அதே தான். உள்ள பூதமும் இல்லை, பிசாசும் இல்லை. வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா.

மறுநா காலையில எல்லாரும் கூடியிருக்காக. ஒச்சாயி கொம்பையாகிட்டப் போயி கையைக் கட்டிக்கிட்டு, "ஐயா, இன்னைக்கு ஒருநா நான் கேக்கட்டுமா? பூதத்துகிட்டப் பேசுனேன்னு எங்க ஊருல சொல்லிக்கிருவேன்"னா.

அவனுக்குப் பெருமை தாங்கலை. "கேளு, கேளு, நல்லா சத்தமாக் கேளு"ன்னான்.

குனிஞ்சா. வயித்துல இருந்து சத்தத்தை எடுத்தா. "பூதமே பூதமே! இந்தத் தண்ணி யாருக்கு? கொம்பையாவுக்கா? ஊர்க்காரனுக்கா? வழிப்போக்கனுக்கா?"

"வழிப்போக்கனுக்கா... போக்கனுக்கா... னுக்கா..."

கொம்பையா மூஞ்சி வெளுத்துப் போச்சு. "இன்னொரு தரம் கேளு"ன்னான். இன்னொரு தரம் கேட்டா, அதையேதான் சொல்லுச்சு. "இன்னும் ஒரு தரம்"னான். மூணாந்தரமும் அதையேதான் சொல்லுச்சு.

இங்கதான் வேடிக்கை. கொம்பையா பொய் சொல்லி ஊரை ஏமாத்துனான்னு தானே நெனச்சீக? அதான் இல்லை. அவனும் உள்ள பூதம் இருக்குன்னே நம்பிக்கிட்டு இருந்திருக்கான்! அத்தனை வருசமும் ஒரே மாதிரியே கேட்டான், தன் பேரைக் கடைசியில வச்சே கேட்டான், தன் பேரே வந்துச்சு. வேற மாதிரிக் கேக்கணும்னு அவனுக்குத் தோணவே இல்லை. இப்பக் கெணத்து மேட்டுல குப்புற விழுந்து, "பூதமே, என்னை விட்டுரு!"ன்னு கதறுனான்.

பூதம் சொல்லுச்சு, "விட்டுரு... விட்டுரு... டுரு..."

"விட்டுர்றேன்! எல்லாரையும் விட்டுர்றேன்!"ன்னு எந்திரிச்சு ஓடி, அவன் கையாலயே முள்ளுவேலியைப் பிச்சு எறிஞ்சான். கையெல்லாம் ரத்தம். மாட்டிக்கிட்டுக் கெடந்தவங்களுக்கு ஆத்திரம். "இவனைத் தூக்கிக் கெணத்துல போடுங்கடா!"ன்னு கெளம்பிட்டாக.

ஒச்சாயி குறுக்க வந்து நின்னா. "நாம குடிக்கிற தண்ணிக்குள்ள இவனை எதுக்குப் போடணும்? இவனே எறைச்சு ஊத்தட்டும்"னா.

அதுவும் சரிதான்னு பட்டுச்சு எல்லாருக்கும். அன்னையில இருந்து கொம்பையா தான் தண்ணி எறைச்சான். வர்றவனுக்கு எறைச்சான், போறவனுக்கு எறைச்சான், வழிதப்பி வந்த ஆடுமாட்டுக்கும் எறைச்சான். கட்டில்ல உக்காந்து தின்ன உடம்பு, கயித்தைப் புடிச்ச கை காய்ச்சுப் போச்சு. எறைக்காட்டி பூதம் விடாதுன்னு பயம். பருத்திக்காடு பூராம் களை மண்டிப் போச்சு, அதை வெட்டிக் குடுக்க ஒரு ஆளு கெடைக்கலை.

ஒச்சாயி வெங்கலக் கும்பாவைக் கெணத்தடியிலயே வச்சுட்டா, வர்றவுக அள்ளிக் குடிக்கட்டும்னு. காட்டைத் தாண்டுறப்ப வளையல்காரரு, "தங்கச்சி, உனக்குப் பூதத்துகிட்டப் பயமே இல்லையா?"ன்னு கேட்டாரு. அவ அவரு காதுல சங்கதியைச் சொன்னா. அவரு சிரிச்ச சிரிப்புல பெட்டிக்குள்ள வளையலெல்லாம் கலகலன்னு குலுங்குச்சாம். அவரு தெக்க பிரிஞ்சு போனாரு, அவ கிழக்க நடந்தா. நடந்தா, நடந்தா, நடந்தா... மண்ணு வெளுத்துச்சு, காத்து கரிச்சுச்சு, ஒரு மணல்மேட்டுல ஏறுனா.

கடலு.

என்ன சொல்ல? மணல்ல உக்காந்தா. அலை வருது, போகுது, வருது, போகுது. கண்ணுல தண்ணி தானா ஊத்துது, அதுவும் உப்புதான். வெயில் ஏறி எறங்குற வரைக்கும் உக்காந்திருந்தா.

அவ வயசுல ஒரு மீன்காரி, சங்கம்மான்னு பேரு, கூடையோட வந்து, "யாரு மதினி நீ? என்ன விக்க வந்த?"ன்னு கேட்டா.

"ஒண்ணும் விக்கலை. பாக்க வந்தேன்."

"இதையா? இதுல பாக்க என்ன இருக்கு? நான் பொறந்ததுல இருந்து இங்கதான் கெடக்கு. ஆமா, நீ வந்த பக்கம் மலை இருக்காமே? மலைன்னா எப்படி இருக்கும்?"

"கல்லுதான். எங்க ஊருல இருந்து பாத்தா நீலமாத் தெரியும். நானும் கிட்டப் போனதில்லை."

சங்கம்மா கூடையை எறக்கி வச்சா. அவளுக்கும் புள்ளைகளைக் கரையேத்தியாச்சு. அப்புறம் ஒச்சாயி, "வாரியா?"ன்னா. "வாரேன்"னா அவ.

ரெண்டு பேரும் திரும்பி நடந்து ஊரு வந்து சேந்தாக. ஊரு சனம் வாயைப் பொளந்துக்கிட்டுப் பாத்துச்சு. "போற வயசா இது"ன்னு சொன்னாளே, அந்தப் பக்கத்து வீட்டுக்காரி, அவதான் முதல் ஆளா ஓடி வந்து, "ஏ ஒச்சாயி, கடலு எப்படிடி இருந்துச்சு?"ன்னா. "நடந்து போயிப் பாரு, நல்லாருக்கும்"னா இவ.

சோணை கஞ்சி காய்ச்சி ஊத்துனான். குடிச்சுப் பாத்தா, நல்லாத்தான் இருந்துச்சு. ஒச்சாயியும் சங்கம்மாவும் மலைக்குப் போறதைப் பத்திப் பேசப் பேச, அவன் தாடையைச் சொறிஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தான். அப்புறம் மெதுவா, "ஏ புள்ள, நானும் வரட்டுமா?"ன்னான்.

"நடந்துருவீகளா?"

"எல்லை வரைக்கும் வயித்தைக் கலக்கும். அங்க கொஞ்சம் உக்காருவேன். நீங்க விட்டுட்டுப் போயிராம நில்லுங்க, அப்புறம் நடந்துருவேன்."

அப்படியே எல்லையில நின்னாக, அவன் உக்காந்தான், அப்புறம் எந்திரிச்சான், மூணு பேரும் மேக்க நடந்தாக.

தண்ணிக்கு வேலி போட்டவன் கயிறு இழுத்தான், வாசலைத் தாண்டுனவ ஒலகம் பாத்தா. அவுக மலைக்குப் போனாக, நாம பாய்க்குப் போவோம். கண்ணை மூடுங்க.