பூப்போல் சுற்றிய சக்கரம்

ஒரு நிபந்தனையோடுதான் இந்தக் கதையைச் சொல்வேன். முடிவில் ஒரு கேள்வி கேட்பேன். மோவாயைச் சொறிந்துகொண்டு யாரும் நழுவக் கூடாது. நினைக்கும்போதே எனக்கு வயிறு எரிகிற கதை இது. அதனால் பேச்சு கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கண்மாய். அதன் கடைமடையில் மேலேந்தல், கீழேந்தல் என்று இரண்டு சிற்றூர்கள். கண்மாய் நிறைந்து தளும்பினாலும் இவர்கள் வயலுக்குத் தண்ணீர் வந்து சேராது. அவர்களுக்கு வரும் வாய்க்கால், கண்மாய்ச் சங்கத் தலைவர் சுந்தரவடிவேலின் தென்னந்தோப்பு வழியாக வந்தது. தோப்பு மட்டும் எந்தக் கோடையிலும் வாடியதில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த இரண்டு ஊரும் ஒருநாள் ஒன்றாகத் திரண்டு தலைவர் வாசலில் போய் நின்றன.

தலைவர் கோபப்படவில்லை. எல்லோருக்கும் மோர் கொடுத்தார். "உங்க தண்ணிய நீங்களே ஆளுங்கப்பா. எனக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு?" என்றார். அந்த மாதமே கண்மாய்க் கரைமேல் ஒரு சிமெண்டுத் தூணும், அதன் தலையில் பச்சை வர்ணம் பூசிய ஓர் இரும்புச் சக்கரமும் வந்தன. வலப்பக்கம் சுற்றினால் மடை திறக்கும், இடப்பக்கம் சுற்றினால் மூடும் என்றார்கள். ஒரு வாரம் மேலேந்தல் ஆள் சுற்றுவது, மறுவாரம் கீழேந்தல் ஆள் சுற்றுவது என்று முறை வைத்துக்கொண்டார்கள்.

பழைய மடைப் பலகையைத் தூக்க இரண்டு ஆண்கள் நெஞ்சு நோகக் கடப்பாரை போட வேண்டும். இந்தச் சக்கரம் ஒற்றைக் கைக்குச் சுழன்றது. "நம்ம சக்கரம் பூ மாதிரி சுத்துது" என்று பெருமைப்பட்டார்கள். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் வைத்து மாலை போட்டார்கள். தண்ணீரின் கனம் தெரியாதவர்களா விவசாயிகள்? நன்றாகத் தெரியும். கையில் அதிகாரம் வந்த பூரிப்பில் மறந்துபோனார்கள்.

தண்ணீர் சில நாள் வந்தது, பல நாள் வரவில்லை. முன்பெல்லாம் வரவில்லை என்றால் தலைவர் வாசலுக்குப் போவார்கள். இப்போது மேலேந்தல்காரன் கீழேந்தல்காரன் சட்டையைப் பிடித்தான். பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள், நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரத்தை நிறுத்திக்கொண்டன. சண்டை முற்றும்போது பஞ்சாயத்துப் பேச வருவதும் அதே தலைவர்தான்.

கீழேந்தல் சீனியம்மாள் புருஷனை இழந்தவள். அரை ஏக்கர் நெல்லையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் தனியாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். தலைவரின் தோப்புக்குள் பூட்டிய தகரக் கொட்டகை ஒன்று உண்டு. உர மூட்டை வைக்கிற இடம் என்பார்கள். புல்லுக்கட்டோடு அந்த வழியாக வரும்போதெல்லாம், பண்ணையாட்கள் இரண்டு பேர் வேர்த்து விறுவிறுத்து அதிலிருந்து வெளியே வருவதைப் பார்த்திருக்கிறாள். சும்மா கிடக்கிற மூட்டைக்கு ஏன் இத்தனை வேர்வை என்று ஒருதரம் கேட்டாள். சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

ஒரு மார்கழியில், கதிர் பால் பிடிக்கும் பருவத்தில், மேலேந்தல் நெல் காய்ந்தது. அது சீனியம்மாள் சக்கரம் சுற்றிய வாரம். அவள் வயலும் சேர்ந்துதான் காய்ந்தது. அதை யார் பார்த்தார்கள்? வேண்டுமென்றே மடையை அடைத்துவிட்டாள் என்று பஞ்சாயத்துக் கூட்டினார்கள். ஊர்விலக்கு என்று தீர்ப்பானால் அவள் பிள்ளைகளுக்கு ஒரு குடம் தண்ணீர்கூட யாரும் தர மாட்டார்கள்.

கூட்டத்தன்று காலையில் நீர்ப்பாய்ச்சி இருளப்பன் அவள் வீட்டுக்கு வந்தார். இரண்டு ஊருக்கும் வயல் வயலாகத் தண்ணீர் திருப்பிவிடுகிறவர் அவர்.

"தாயி, அந்தச் சக்கரத்துக்கு அடியில ஒண்ணுமே கெடையாது. எட்டு வருஷமா எனக்குத் தெரியும். சொன்னா வெட்டுக்குத்து ஆயிரும்னு வாய மூடிக்கிட்டேன். உன்மேல அபாண்டம் வரவும் மனசு கேக்கல."

பஞ்சாயத்துக் கூடியதும் சீனியம்மாள் எழுந்தாள். கடப்பாரையை எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்தாள். கூட்டமே பின்னால் ஓடியது. தூணை உடைத்துச் சக்கரத்தைப் பிடுங்கினாள். மூன்றடிக் கம்பி கையோடு வந்தது. அதற்குக் கீழே காய்ந்த மண்.

சக்கரம் செய்த கொல்லர் மாசானம் முன்னால் வந்து தலையைக் குனிந்தார். "மூணடிக் கம்பி போதும்னாங்க. மிச்சத்த வேற ஆளு பாத்துக்குவான்னாங்க. சந்தேகமாத்தான் இருந்துச்சு. நான் கேக்கல." தனக்கும் எட்டு வருஷமாகத் தெரியும் என்று இருளப்பனும் கூட்டத்தின் முன்னால் ஒப்புக்கொண்டார்.

தலைவர் நாற்காலியைக் கரைக்கே கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "இப்ப மூணு பேரு நிக்கிறாங்க. பொய்ச் சக்கரம் அடிச்சவன் ஒருத்தன். தெரிஞ்சும் மறைச்சவன் ஒருத்தன். ஊர்ச் சொத்த ஒடைச்சவ ஒருத்தி. யாரு குத்தம் பெருசுன்னு நீங்களே சொல்லுங்க. உங்க முடிவுதான் என் முடிவு."

கூட்டம் உடனே இரண்டாகப் பிரிந்தது. மாசானம் என்றது ஒரு பக்கம், இருளப்பன் என்றது இன்னொரு பக்கம். என்ன இருந்தாலும் ஒரு பொம்பளை கடப்பாரை எடுக்கலாமா என்று நடுவில் சிலர்.

கதையை இங்கே நிறுத்துகிறேன். இனி உங்கள் முறை. இந்த மூவரில் யார் குற்றம் பெரிது? யாருக்கு ஊர்விலக்கு? நன்றாக யோசித்து ஒரு பெயரைச் சொல்லுங்கள்.

*

விடை: பெயர் சொல்லிவிட்டீர்களா? அப்படியானால் நீங்களும் அந்தச் சக்கரத்தைத்தான் சுற்றியிருக்கிறீர்கள். மூன்று பேரில் ஒருவர் என்று உங்களுக்கு யார் சொன்னது? கம்பி மூன்றடி போதும் என்றவன் நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கேள்வியையே நானும் உங்களிடம் நீட்டினேன், நீங்களும் வாங்கிக்கொண்டீர்கள். கொல்லரும் நீர்ப்பாய்ச்சியும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்களை நிறுத்துப் பார்க்கத் தராசைக் கொடுத்தவன், தன்னை மட்டும் தட்டில் வைக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதவள் சீனியம்மாள் ஒருத்திதான். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு தோப்புத் தகரக் கொட்டகையைப் பார்த்து நடந்தவள், பாதி வழியில் திரும்பி மாசானத்தையும் இருளப்பனையும் கூப்பிட்டாள்.

"வாங்கண்ணே. நெச மடை கனமா இருக்கும். ஒரு ஆளு பத்தாது."