பனியில் ஊறிய சம்மத முரசு

முன்னொரு காலத்திலே, மேகங்களெல்லாம் மாடு மாதிரி தெருவில் படுத்து அசைபோட்ட காலத்திலே, துயிலூர் நாட்டைச் சொப்பனவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். மதியச் சாப்பாடு ஆனதும் ஊஞ்சலில் சாய்வான். என்ன கனவு வருகிறதோ, அது சட்டமாகிவிடும். ஒருநாள் நீலக்குதிரை கனவில் வந்தது. நாட்டுக் குதிரைகளெல்லாம் அவுரிச் சாயத்தில் முங்கி எழுந்தன. இன்றைக்கும் அந்தப் பக்கத்து ஓடைகள் மழை பெய்தால் கொஞ்சம் நீலமாகத்தான் ஓடும்.

ஆனாலும் ராஜா நியாயஸ்தன். சட்டம் போடுமுன் ஊரைக் கூட்டி, தேர்ச்சக்கரம் அளவு பெரிய சம்மத முரசை அடிக்கச் சொல்வான். முரசொலி அடங்குவதற்குள் யார் வேண்டுமானாலும் ‘வேண்டாம்’ என்று கத்தலாம். அடங்கினபிறகு வாய் திறக்கக் கூடாது. தாத்தா காலத்து வழக்கம். அந்த முரசை அடித்தாலோ, மலையில் தேன்கூடு உதிரும். கத்தினது யார் காதில் விழும்? கத்திக் கத்திப் பார்த்த சனங்கள், கடைசியில் அதை மனசில் கிடப்பதைக் கொட்டுகிற நேரமாக்கிக்கொண்டார்கள். மாமியாரைத் திட்டுகிறவள் திட்டுவாள், ராஜாவை வைகிறவன் வைவான். முரசு நின்றதும் வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ராஜாவுக்கு ஒரே ஒரு குறை. “ஆதிமூலம், நான் இப்போது விழித்திருக்கிறேனா, இல்லை இதுவும் கனவா?” என்று மந்திரியை அடிக்கடி கேட்பான். மந்திரி வாயெடுக்குமுன், சபையில் ஆமாம் போடுகிற மேகராயர் முந்திக்கொள்வார்: “தாங்கள் எப்படி நினைக்கிறீர்களோ அப்படியே, பிரபு!” மந்திரி கிழக்கு என்றால் மேற்கு என்பதுதான் ராயருக்குப் பிழைப்பு.

ஒருநாள் கடல் கடந்து ஒரு கிராம்பு வியாபாரி சபைக்கு வந்தான். “எங்கள் நாட்டில் குடியாட்சி, பிரபு. ராஜாவே கிடையாது. குடிமக்கள்தான் ஆள்கிறார்கள்” என்றான்.

“இங்கே மட்டும் என்னவாம்? இதுவரை ஒருத்தன் வேண்டாம் என்றதில்லை. இதைவிட என்னய்யா குடியாட்சி?” என்றான் ராஜா.

ஆதிமூலம் சிரிப்பை அடக்கித்தான் பார்த்தார். மீசை காட்டிக்கொடுத்துவிட்டது.

“என்ன சிரிப்பு, மந்திரி?”

“ஒன்றுமில்லை பிரபு. யாரும் சொல்லவில்லையா, சொன்னது நம் காதில் விழவில்லையா என்று யோசித்தேன்.”

“அப்படியா! நேற்றுக் கனவில் அல்லி ஏரி பளிங்குத் தரையாகி, நிலாவோடு நான் கும்மியடித்தேன். ஏரியைத் தூர்க்கப்போகிறேன். நாளைக்கு முரசு. வேண்டாம் என்று ஒரே ஒரு குரல் என் காதில் விழட்டும், ஏரியை விட்டுவிடுகிறேன். விழாவிட்டால் நீர் அரண்மனைக் கழுதைகளை மேய்க்கலாம்!”

அடுக்களைக்கு மீன் கொண்டுவந்த ஓடக்காரி வெள்ளச்சி வாசலிலேயே நின்றுவிட்டாள். “சாமி, கழுதைய யாரு வேணா மேய்க்கலாம். ஏரி போயிட்டா எங்க ஓடமெல்லாம் எங்க மேயும்?” என்றாள் மந்திரியிடம். விடியலில் ஏரிக்குப் போனவள். சேலைத் தலைப்பிலிருந்து இன்னும் பனி சொட்டியது. சொட்டுகிற தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார் ஆதிமூலம். பிறகு ராஜா பக்கம் திரும்பினார்.

“பிரபு, ஒரு வேண்டுகோள். முரசை ஏரிக்கரைக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம். அரண்மனை வாசலிலேயே அடிக்கட்டும்.”

துள்ளி எழுந்தார் மேகராயர். “சூழ்ச்சி, பிரபு, சூழ்ச்சி! ஏரி விஷயத்துக்கு ஏரிக்கரையில்தான் முரசு! இன்று மாலையே அங்கே போகட்டும். விடிந்ததும் அடித்துவிடுவோம்!”

மந்திரி வேப்பங்காய் தின்ற முகத்தோடு உட்கார்ந்தார். உள்ளே கரும்பு இனித்தது.

மறுநாள் விடியலில் ஏரி எது, வானம் எது என்று தெரியவில்லை. ஓடங்கள் மேகத்தில் மிதந்தன. சனங்கள் இடுப்பளவு பனியில் நடந்து வந்தார்கள். காலில்லாத ஊர் ஒன்று நகர்ந்து வருகிற மாதிரி இருந்தது. ராஜா கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

முரசடிப்பவன் தலையைச் சொறிந்தான். “ராயரே, ராவெல்லாம் பனி குடிச்சுத் தோலு தொங்கிப்போச்சு. காய்ச்சலாம்னா வைக்கோலும் பத்தமாட்டேங்குது.”

“மந்திரி சொல்லிக்கொடுத்தாரா? அடியடா!”

கோல் ஓங்கியது. வழக்கம்போல ஊரே வாயைத் திறந்தது.

‘பொத்’தென்றது முரசு. வைக்கோற்போரில் பலாப்பழம் விழுந்த சத்தம். அதற்குள் குரல்கள் கிளம்பிவிட்டனவே, திரும்பியா வரும்?

“வேணாம் ராசா! ஏரியில கை வைக்காதீக!” இது வெள்ளச்சி.

“அத்தை, உங்க ரசம் வெறும் கழனித்தண்ணி!”

“எங்க வெள்ளாட்டுக்குட்டியக் கண்டீங்களா?”

எல்லாவற்றுக்கும் மேலே, கணீரென்று ஒரு குரல்: “அடே தூங்குமூஞ்சி ராஜா! உன் கனவுக்கெல்லாம் ஆமாம் போட்டு ஆமாம் போட்டு என் கழுத்தே சுளுக்கிக்கொண்டதடா!”

தவளைகூட வாயை மூடிக்கொண்டது. மேகராயர் இரண்டு கையாலும் தம் வாயைப் பொத்தியபடி நின்றார்.

ராஜா எழுந்தான். ஆதிமூலத்தின் கண்முன்னே கழுதைகள் வந்து காதாட்டின. ராஜாவோ தன் கையைத் தடவிக்கொண்டே கேட்டான்: “மந்திரி, யாரோ என்னைக் கிள்ளிய மாதிரி இருக்கிறதே?”

“ஊரே கிள்ளியது, பிரபு.”

“கனவில்தானய்யா எல்லாரும் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பார்கள். அதனால்தான் இத்தனை வருஷமாய் எனக்குச் சந்தேகம் தீரவில்லை.” ராஜா கண்கலங்கிச் சிரித்தான். “விழித்துக்கொண்டேன் ஐயா, விழித்துக்கொண்டேன்! ஏரி அப்படியே கிடக்கட்டும். நிலா வேண்டுமானால் தண்ணீரில் வந்து ஆடட்டும்.”

அன்றுமுதல் தினமும் மாலையில் முரசைத் தலையில் சுமந்து போய் ஏரிக்கரையில் பனிக்கு வைப்பது மேகராயர் வேலை. சுளுக்கின கழுத்துக்கு நல்லதென்று வைத்தியரும் சொல்லிவிட்டார். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்கு நீட்டினான்.

“வேண்டாம், பிரபு” என்றார் ஆதிமூலம்.

“ஆகா! இன்னொரு தடவை சொல்லும்!” என்று குதித்தான் ராஜா.

பிறகு, கூட்டத்தில் நின்ற கிராம்பு வியாபாரியைப் பார்த்து, “உங்கள் குடியாட்சியில் முரசு உண்டா?” என்றான்.

வியாபாரி தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான். “உண்டு, பிரபு. இதைவிடப் பெரிசு.”

“பனிக்கு வைப்பதுண்டா?”

அவன் அவசர அவசரமாகக் கப்பலேறிப் போய்விட்டான். துயிலூரில் ஒரே ஒரு துளி பனியைக் கிராம்புப் பெட்டியில் பொத்தி எடுத்துப்போனதாகக் கேள்வி.

இந்தக் கதையில் பொய் இருப்பதாக யாருக்காவது பட்டால், தாராளமாகக் கத்திச் சொல்லலாம். முரசு இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.