தவளை கேட்ட இரவல் குரல்

வற்றிக்கொண்டிருந்த ஒரு காட்டோடையின் கரையில் ஒரு தவளையும் ஒரு மரங்கொத்தியும் சேர்ந்து பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தன. தவளையின் பெயர் பாசிமுத்து. மரங்கொத்தியின் பெயர் செங்கொண்டை.

பாட்டைப் புனைவதும் பாடுவதும் பாசிமுத்துவின் வேலை. தாளம் போடுவது செங்கொண்டையின் வேலை. கரையில் ஒரு பட்ட மரம் நின்றது. உள்ளே வெறும் பொந்து. அதன் உச்சியில் ஒட்டிக்கொண்டு செங்கொண்டை அலகால் தட்டினால், கீழே இருக்கும் பாறை வரைக்கும் அதிரும். பெரிய முயல்கள் புதருக்குள் ஓடும். குட்டி முயல்கள் மட்டும் ஓடாமல் நின்று குதிக்கும்.

அந்தக் காட்டில் அதுவரை யாரும் அப்படிப் பாடியதில்லை. பாசிமுத்துவின் பாட்டுகளில் நிலாவும் இல்லை, பூவும் இல்லை. அதற்குத் தெரிந்தது சேறும் பயமும்தான். அதனால் இப்படிப் பாடியது:

"கொக்கே, கொக்கே, ஒத்தக்கால் கொக்கே,
இன்னொரு காலை எங்கே வச்சே?"

இதைக் கேட்டுக் கொக்குகள் கோபித்துக்கொண்டன. மற்ற எல்லோரும் சிரித்தார்கள்.

பாசிமுத்து பிறந்தது மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு சின்னக் குட்டையில். அங்கே தவளைகள் பாடுவது மழையைக் கூப்பிட மட்டும்தான். அதன் பரம்பரையில் யாரும் சொந்தமாக ஒரு வரிகூடப் புனைந்ததில்லை. பாசிமுத்து கிளம்பி வந்தபோது, மழையைக் கூப்பிடாத பாட்டு எதற்கு என்று குட்டையே கேட்டது. அதன் அம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. வழியில் கொக்கு இருக்கும், பார்த்துப் போ என்று மட்டும் சொன்னது.

இரண்டும் கோடை முழுக்க உழைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காட்டில் துடுப்பு போல வால் கொண்ட ஒரு கரிச்சான் குருவி இருந்தது. ஒரு தடவை கேட்டால் போதும், எந்தக் குரலையும் அப்படியே திருப்பிச் சொல்லிவிடும். மழைமேகம் திரளும் சமயத்தில் அது மலை தாண்டிப் போகும். போவதற்கு முன்னால் ஒரே ஒரு குழுவின் பாட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு மனசில் வாங்கிக்கொள்ளும். பிறகு போகிற வழியில் உள்ள தோப்பிலும் குளத்திலும் குட்டையிலும் அதைப் பாடிக் காட்டும். பாடும்போது ஒருவர் இருமியிருந்தால் அந்த இருமலும் அதில் இருக்கும்.

இந்த வருஷம் கரிச்சான் இவர்களைத் தேர்ந்தெடுத்திருந்தது. இவர்களுடைய பாட்டுகள் மலை தாண்டிப் போவது இதுதான் முதல் தடவை. அம்மா இருக்கும் குட்டையும் கரிச்சான் போகிற வழியில்தான் இருந்தது.

செய்தி கேட்ட அன்று பாசிமுத்து சந்தோஷத்தில் ஓடையில் குதித்தது. மறுநாளிலிருந்து அதற்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காரணம் அதன் குரல். மேலே போகும்போது அது உடையும். கடைசியாகக் கட்டிய பாட்டு இப்படித் தொடங்கும்:

"சேறு காயுது, சேறு காயுது,
என் வீடு என் மேலேயே காயுது."

'வீடு' என்ற இடம் வந்ததும் காய்ந்த குச்சியை ஒடித்த மாதிரி குரல் இரண்டாகப் பிளந்துவிடும். எத்தனை முறை பாடிப் பார்த்தாலும் அதே கதைதான்.

பாடி முடித்ததும் அது மரத்தை நிமிர்ந்து பார்க்கும். செங்கொண்டை உச்சியிலிருந்து பறந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லாருந்துச்சு மாப்ளே" என்று சொல்லும். ஒரு நாளும் வேறு எதுவும் சொன்னதில்லை. பரிதாபப்பட்டுத்தான் அப்படிச் சொல்கிறது என்று பாசிமுத்து நினைத்துக்கொள்ளும்.

இரண்டும் சண்டை போட்டுக்கொள்வது ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான். பாறைக்கு அடியில் குளிர்ச்சியான நிழல் இருந்தது. அங்கே உட்கார்ந்து பாடத்தான் பாசிமுத்துவுக்கு ஆசை. செங்கொண்டையோ வெளியே வந்து வெயிலில் உட்காரச் சொல்லும். தவளைத் தோல் காய்ந்துவிடும் என்று எவ்வளவு சொன்னாலும் கேட்காது. ஆனால் ஓடையிலிருந்து ஈரப்பாசியை அலகால் கொத்தி வந்து நண்பனின் முதுகில் போர்த்திவிடும். நாலு பேர் பார்க்க வேண்டும் என்று இவனுக்கு ஆசை, அதற்காக என்னைக் காயப் போடுகிறான் என்று பாசிமுத்து முணுமுணுக்கும். முணுமுணுத்துக்கொண்டே வெயிலில் போய் உட்காரும்.

கரிச்சான் வரும் நாள் நெருங்கியது. பாசிமுத்து யாரிடமும் சொல்லாமல் குயிலைத் தேடிப் போனது.

என் பாட்டுகளை என் இடத்தில் நீங்கள் பாடித் தர வேண்டும் என்று அது தயங்கித் தயங்கிக் கேட்டது. கரிச்சான் கண்ணை மூடிக்கொள்ளும், அதற்குத் தெரியாது. செங்கொண்டை மர உச்சியில் இருக்கும், அங்கிருந்து புதருக்குள் தெரியாது, என் குரல்தான் தெளிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். நான் பாறை மேல் உட்கார்ந்து வாயை மட்டும் அசைத்துக்கொள்கிறேன் என்றது.

குயில் விழுந்து விழுந்து சிரித்தது.

"காலங்காலமா நாங்கதான் அடுத்தவன் கூட்டுல முட்டையைக் கொண்டுபோய் வைப்போம். எங்கிட்டயே ஒருத்தன் கொண்டுவந்து வைக்கிறானே!"

"முடியுமா முடியாதா, சொல்லுங்கண்ணே."

"என் குரல் மலை தாண்டிப் போகுதுன்னா நான் ஏன் வேண்டாம்னு சொல்றேன்? உன் கூட்டாளிக்குத் தெரியுமா?"

தெரியாது என்று பாசிமுத்து தலையைக் குனிந்துகொண்டது. இந்தக் குரலை அம்மா கேட்க வேண்டாம், நல்ல குரலில் கேட்கட்டும், அது போதும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டது.

குறித்த நாள் காலையில் கரிச்சான் வந்து தாழ்ந்த கிளை ஒன்றில் உட்கார்ந்தது. மலை உச்சியில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. செங்கொண்டை வழக்கம் போல நண்பனின் முதுகில் பாசியைப் போர்த்திவிட்டு மர உச்சிக்குப் போனது. பாறைக்குப் பின்னால் சற்றுத் தள்ளி இருந்த புதருக்குள் குயில் தயாராக இருந்தது.

கரிச்சான் கண்ணை மூடியது.

பாசிமுத்து வாயைத் திறந்தது. புதரிலிருந்து குயிலின் குரல் எழுந்தது. "சேறு காயுது, சேறு காயுது..." தேனாக இருந்தது குரல். சேற்றைப் பற்றிப் பாடுவது போலவே இல்லை, கரும்புச் சாற்றைப் பற்றிப் பாடுவது போல இருந்தது.

ஆனால் தாளம் வரவில்லை.

பாசிமுத்து நிமிர்ந்து பார்த்தது. செங்கொண்டை தலையைச் சாய்த்து, கழுத்தை நீட்டி, கீழே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு தட்டுத் தட்டியது. அது தப்பான இடத்தில் விழுந்தது. இன்னொன்று தட்டியது. அதுவும் தப்பு. பிறகு தட்டுவதையே நிறுத்திவிட்டது. குயிலுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. இடையிடையே தன்னுடைய 'கூ' ஒன்றையும் சேர்த்துக்கொண்டு இழுத்து இழுத்துப் பாடியது.

செங்கொண்டை படபடவென்று இறங்கி வந்தது.

"மாப்ளே, என்னாச்சு உனக்கு? உடம்பு சரியில்லையா? ஏன் பாடாம உட்கார்ந்திருக்கே?"

குயிலின் பாட்டு அப்போது காடே கேட்கும்படி ஒலித்துக்கொண்டிருந்தது.

பாசிமுத்து திகைத்துப்போனது. புதரைப் பார்த்தது. நண்பனைப் பார்த்தது. "உனக்கு... பாட்டுக் கேட்கலையா?" என்றது.

செங்கொண்டையின் கொண்டை படிந்துவிட்டது. புதருக்குள் குயிலும் ஏதோ சரியில்லை என்று பாட்டை நிறுத்தியது.

"பக்கத்துல நின்னு பேசினா கேட்கும்" என்றது செங்கொண்டை. "மரத்தைக் கொத்திக் கொத்திக் காது மந்தமாயிடுச்சு. உச்சியில இருந்தா ஒண்ணும் கேட்காது. சொன்னா நீ வேற ஆளைத் தேடிப் போயிடுவியோன்னு சொல்லல."

"அப்போ இத்தனை நாளா எப்படித் தாளம் போட்டே?"

"உன் தொண்டையைப் பார்த்துத்தான். நீ மூச்சு இழுத்தா அது உப்பும். அப்போ நான் அலகைத் தூக்குவேன். 'வீடு'ன்னு சொல்றப்ப மட்டும் அது ரெண்டு தடவை துடிக்கும். அதனாலதான் அங்க ரெண்டு தட்டு. நிழல்ல உட்கார்ந்தா எனக்குத் தெரியாதுடா. அதுக்குத்தான் உன்னை வெயிலுக்கு வரச் சொன்னேன்."

பாசிமுத்துவுக்கு முதுகில் இருந்த பாசி திடீரென்று கனத்தது. 'வீடு' என்பதுதான் குரல் உடையும் இடம். காது கேட்காத நண்பன் அந்த இடத்துக்கென்றே தனியாகத் தாளம் கட்டி வைத்திருக்கிறது. அந்த இடத்தைத்தான் பாசிமுத்து குயிலிடம் கொடுக்கப் பார்த்தது.

"நல்லாருந்துச்சு, நல்லாருந்துச்சுன்னு சொன்னியே, அதெல்லாம்?"

"உன் தொண்டை நல்லா உப்பிச்சு மாப்ளே. அதைத்தான் சொன்னேன்."

பாசிமுத்துவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிறகு ஒன்றையும் மறைக்காமல் புதருக்குள் இருந்த குயிலைப் பற்றிச் சொன்னது. தன் குரலைப் பற்றிச் சொன்னது. அம்மாவைப் பற்றிச் சொன்னது. பக்கத்தில் நின்றதால் செங்கொண்டைக்கு எல்லாம் கேட்டது. அது கோபப்படவில்லை. நான் காதை மறைத்தேன், நீ குரலை மறைத்தாய், நல்ல ஜோடிதான் என்று சொல்லி, நழுவியிருந்த பாசியைச் சரிசெய்துவிட்டது.

கிளையில் கரிச்சான் கண்ணைத் திறந்தது.

"நீங்க பேசினது உட்பட எல்லாத்தையும் வாங்கிட்டேன். வாங்கினதை வெளியே எடுக்க எனக்குத் தெரியாது. மேகம் இறங்கப் போகுது. இன்னும் பாட்டு இருக்கா, இல்ல நான் கிளம்பவா?"

குயிலின் பாட்டு, தாளம் தப்பியது, தான் செய்த திருட்டுத்தனம் எல்லாமே அம்மாவிடம் போகப் போகிறது. இப்போது பாடினால் உடைந்த குரலும் சேர்ந்து போகும். பாடாவிட்டால் திருட்டுத்தனம் மட்டும் போகும்.

"இருக்கு" என்றது பாசிமுத்து.

அது நன்றாக வெயில் விழும் இடமாகப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தது. செங்கொண்டை உச்சிக்குப் பறந்தது. கரிச்சான் கண்ணை மூடியது. பாசிமுத்து மூச்சை இழுத்தது. அதன் தொண்டை உப்பியது. மேலே அலகு உயர்ந்தது.

முதல் தட்டிலேயே பாறை அதிர்ந்தது. சேற்றைப் பற்றிய பாட்டைச் சேறு பட்ட குரலிலேயே அது பாடியது. 'வீடு' வந்தது. குரல் உடைந்தது. உடைந்த அதே இடத்தில் இரண்டு தட்டு வந்து விழுந்தது. விழப்போன ஒருவனை இரண்டு கைகள் தாங்கிப் பிடித்தது போல இருந்தது. புதருக்குள் குயில்கூடத் தலையாட்டியது. கொக்குப் பாட்டு வந்தபோது குட்டி முயல்கள் வந்து குதித்தன. எல்லாப் பாட்டையும் பாடி முடித்தபோது முதல் தூறல் விழுந்தது. கரிச்சான் மலையை நோக்கிப் பறந்தது.

மழைக்காலம் முழுக்கப் பாசிமுத்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தது.

மழை விட்டதும் கரிச்சான் திரும்பி வந்து அதே கிளையில் உட்கார்ந்தது. எங்கே பாடினாய், யார் என்ன சொன்னார்கள் என்று பாசிமுத்து கேட்க வாயெடுத்தது. அதற்குள் கரிச்சான் அலகைத் திறந்தது. உள்ளிருந்து ஒரு குட்டையின் சத்தமே வந்தது. நீர் தளும்பியது. தவளைகள் ஒன்றோடொன்று பேசின. அதற்கு நடுவே ஒரு கிழக் குரல் எழுந்தது.

"முதல்ல பாடினது யாரோ. இப்போ பாடுறதுதான் என் பிள்ளை. சின்ன வயசுலயே அவனுக்கு இந்த இடத்துலதான் குரல் உடையும். அந்த மரங்கொத்திப் பிள்ளைக்கு எவ்வளவு நல்ல மனசு! இன்னொரு தடவை பாடு கரிச்சானே."

உச்சியில் இருந்த செங்கொண்டைக்கு எதுவும் கேட்கவில்லை. அது பறந்து வந்து, என்ன சொன்னார்கள் என்று கேட்டது.

பாசிமுத்து வெயிலுக்கு நகர்ந்து வந்து நண்பனுக்குத் தெரியும்படி மூச்சை இழுத்தது. அதன் தொண்டை உப்பியது, இரண்டு தடவை துடித்தது. செங்கொண்டை பக்கத்துப் பாறையிலேயே இரண்டு தட்டுத் தட்டியது.

நமக்குள் உடைந்திருப்பதை இரவல் வாங்கியதைக் கொண்டு மூடினால், அதைத் தாங்கிப் பிடிக்க நிற்கும் அன்பைத்தான் முதலில் இழப்போம்.