சுவர் காயும் நேரம்

"சாந்து பூசுறதுல அவனை அடிச்சுக்க ஆளே இல்ல. அப்புறம் எதுக்கு அந்தப் பொண்ணோட சாயக் கிண்ணத்தையே பார்த்துக்கிட்டு நிக்கிறான்?"

குளத்தில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த இருவரில் ஒருவர் சொன்னது இது. சுண்ணாம்புச் சட்டியைக் கழுவ வந்த தாண்டவனின் காதில் விழுந்தது. அவர் சட்டியைக் கழுவாமலே திரும்பிவிட்டார்.

தாண்டவன் கொத்தனார். ஐம்பத்திரண்டு வயது. மூன்று வருடங்களுக்கு முன், மலையடிவாரத்து மண்டபத்தில் செங்கமலம் தீட்டிய சுவரைப் பார்த்தார். மறுநாளே தனக்கும் ஓவியம் கற்றுத்தரச் சொல்லி அவள் முன் வந்து நின்றார். அவளுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளைத் தாயி என்பார்.

அங்கே வேலை ஒரே முறையில்தான் நடக்கும். விடிந்ததும் தாண்டவன் ஒரு பாய் அகலத்துக்குச் சாந்து பூசி, வழவழவென்று தேய்த்து வைப்பார். அது ஈரமாக இருக்கும்போதே செங்கமலம் தீட்டிவிட வேண்டும். காய்ந்த சுவரில் தீட்டினால் வண்ணம் பொடியாக உதிர்ந்துவிடும். பூசியவர் வரைபவரின் முதுகுக்குப் பின்னால் நிற்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் வழக்கம். தாண்டவன் வெளியே போய்விடுவார். திரும்பி வரும்போது சுவரில் மயில் நிற்கும், அல்லது தாமரை பூத்திருக்கும். சில நாட்களில் ஒன்றுமே இருக்காது. செங்கமலம் சாந்தைச் சுரண்டித் தள்ளியிருப்பாள், மறுபடி பூசச் சொல்வாள். அன்றெல்லாம் தாண்டவன் மணலை இன்னும் இரண்டு தடவை சலிப்பார்.

அவள் சொல்லித்தந்ததை எல்லாம் மணலில் வரைந்து பார்த்தார். வாழையிலையில் வரைந்தார். சுவரில் மட்டும் இதுவரை ஒரு கோடு போட்டதில்லை.

அன்று அவர் முடிவு சொல்ல வேண்டிய நாள். சடையப்ப மேஸ்திரி வெளியூரில் பெரிய சத்திரம் கட்டப் போகிறார். பத்து வருட வேலை. தாண்டவன்தான் தலைமைக் கொத்தனார் என்று சொல்லியனுப்பியிருந்தார். உச்சிப்பொழுதுக்கு வண்டி வரும். ஏறாவிட்டால் வேறு ஆள்.

மண்டபத்துக்கு வந்ததும் தாண்டவன் எல்லாவற்றையும் செங்கமலத்திடம் சொன்னார். குளத்தில் கேட்டதையும் விடவில்லை.

"எனக்கு ஓவியம் வரும்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு தாயி. இருந்துடறேன்."

அவள் இன்றைக்கு இரண்டு பாய் அகலம் பூசச் சொன்னாள்.

பூசி முடித்து, வழக்கம்போல் தாண்டவன் வெளியே கிளம்பினார். செங்கமலம் அவரை நிற்கச் சொன்னாள். அவர் வழக்கத்தை நினைவுபடுத்தினார். அதற்கு ஒரு நாள் லீவு விடலாம் என்றாள் அவள்.

காவியைக் குழைத்துத் தூரிகையைத் தோய்த்து எடுத்தாள். அவள் கை நடுங்கியது. காய்ச்சலோ என்று தாண்டவன் பயந்தார். மூன்று முறை சுவர்வரை போன தூரிகை மூன்று முறையும் கீழே இறங்கியது. நான்காவது முறை ஒரு கொக்கின் கழுத்தை வரைந்தாள். அது நனைந்த கயிறு மாதிரி துவண்டு வந்தது. கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு சாந்துக் கரண்டியை எடுத்து அந்தப் பக்கத்தை முழுவதும் சுரண்டினாள்.

"சாந்துல கல்லு கில்லு கிடந்துச்சா தாயி?"

"உங்க சாந்துல என்னண்ணே குறை? நான்தான் கெடுத்தேன்."

"அப்ப இத்தனை நாளும் சுரண்டுனது?"

"எல்லாம் நான் கெடுத்ததுதான்."

தாண்டவன் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு வண்டி மணலை வீணா சலிச்சிருக்கேனே."

கரண்டியும் கையுமாகச் செங்கமலம் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், அவள் கை நடுங்கியதைப் பற்றிக் கேட்டார். தினமும் அப்படித்தான் என்றாள்.

"அப்ப நல்லா வரும்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டு ஆரம்பிக்கிற?"

அவள் மீதியிருந்த சுவரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள்.

"அது தெரியாதுண்ணே. சுவர் காயுதுன்னு மட்டும்தான் தெரியும்."

தூரிகையை அவர் பக்கத்தில் வைத்தாள். பசிக்கிறது, கஞ்சி குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தாண்டவன் எழுந்து சுவரைத் தொட்டார். விளிம்பு இறுக ஆரம்பித்திருந்தது. நடுவில் இன்னும் குளிர்ச்சி. வாசலில் விழுந்திருந்த தூண் நிழல் மெல்லக் குறுகிக்கொண்டே வந்தது.

உச்சிப்பொழுதில் வண்டியை நிறுத்திவிட்டு சடையப்ப மேஸ்திரி உள்ளே வந்தார். தாண்டவன் முழங்கைவரை காவியோடு சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். சுவரில் நான்கு கால்கள், ஒரு வயிறு, ஒரு காது.

மூட்டையைக் கட்டவில்லையா என்று கேட்க வந்த மேஸ்திரி, அதை விட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"என்னய்யா இது, நாயா கன்னுக்குட்டியா?"

"இன்னும் தெரியல மேஸ்திரி" என்ற தாண்டவன், இரண்டாவது காதை வரையத் தொடங்கினார்.