ஒரு தடவை மட்டும் சொன்ன மழைமானி

மலையடிவாரத்து ஊர் ஒன்றில், ஓடைக்கரைப் பம்புசெட் அறைக்குள் ஒரு சின்னக் கணினி இருந்தது. மலைமேல் நின்ற மழைமானியிடமிருந்து ஒரு கம்பி அதற்குள் வந்தது. இன்னொரு கம்பி கூரைமேல் இருந்த சங்குக்குப் போனது. மலையில் மழை கொட்டினால், ஓடையில் வெள்ளம் இறங்குவதற்குள் சங்கு ஊத வேண்டும். ஊருக்குத் தேவை அவ்வளவுதான்.

கணினிக்குள்ளே இருக்கும் நிரல்களையெல்லாம் கட்டி மேய்க்கும் தலைமை நிரல், கெர்னல் அண்ணாச்சி. கெட்டிக்காரர்தான், ஆனால் மழைமானி பேசும் பாஷை அவருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. அது பேசுவதைக் கேட்டு அவருக்குப் புரியும்படி சொல்ல ஒரு நிரல் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர்.

எழுத உட்கார்ந்தவன் இசக்கிராஜ். அவனுக்கு இதுதான் முதல் டிரைவர். புதிதாக எழுதுகிறவர்கள் செய்வதையே அவனும் செய்தான். வெப்பமானிக்கு யாரோ எழுதியிருந்த டிரைவரை எடுத்து, பெயரை மாற்றி, அங்கே இங்கே தட்டிக்கொட்டி நிமிர்த்தினான். இரண்டும் மானிதானே என்று நினைத்துவிட்டான், பாவி.

வாசலில் பூமாரி வந்து நின்றாள். அறுத்த நெல்லை முழுக்க ஓடைக்கரைக் களத்தில் கொட்டி வைத்திருந்தாள். வருஷம் முழுக்கச் சாப்பாடு அதுதான்.

"ஏ தம்பி, மலைப்பக்கம் கருகருன்னு கிடக்கு. நெல்லை அள்ளிரவா, காயப் போடவா?"

"சங்கு ஊதினா அள்ளுங்க யக்கா. ஊதலைன்னா பயமே வேண்டாம். இந்தா, இப்பவே ஓட விட்டுருதேன்."

அவன் விசையைத் தட்டினான். புது டிரைவர் துள்ளிக் குதித்து உள்ளே வந்தது.

"வணக்கம்! நான் வந்துட்டேன்!" என்று கத்தியது.

"வாரும்வே," என்றார் கெர்னல் அண்ணாச்சி. "எனக்கு ஆயிரம் சோலி கிடக்கு. மழை எவ்வளவுன்னு கேட்டுச் சொல்லும். நீர் சொல்றதைத்தான் நான் நம்புவேன். வேற யாரு இருக்கா எனக்கு?"

டிரைவர் கம்பியைப் பிடித்துக் கூப்பிட்டது. "மழைமானி அக்கா, இருக்கீங்களா? பேச்சு வருதான்னு பார்க்கேன், ஏதாவது சொல்லுங்க!"

மழைமானி விடியலிலிருந்து ஒற்றையாளாக மலைமேல் எண்ணிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு மழை. எப்போது கேட்பார்கள் என்று தவித்துக் கிடந்தது. கேட்டதும் ஒன்று விடாமல் மொத்தத்தையும் சொல்லிவிட்டது.

"ஆகா, பேசுது!" என்று டிரைவர் கைகொட்டியது. என்ன பேசியது என்று கவனிக்கவில்லை. திரும்பி நின்று, "மழைமானி நலம்" என்று திரையில் எழுதியது.

வெளியே இசக்கிராஜுக்குத் தலைகால் புரியவில்லை. "வேலை செய்யுது யக்கா!" என்று கூவினான். பூமாரி சிரித்த முகத்தோடு களத்துக்குப் போய் நெல்லைப் பரப்பிவிட்டாள்.

பிறகு டிரைவர் நிதானமாக உட்கார்ந்தது. "இப்போ சொல்லுங்க அக்கா. எவ்வளவு மழை?"

"ஒண்ணும் இல்லை," என்றது மழைமானி. மலையில் மழை அப்போதுதான் விட்டிருந்தது.

"மழை இல்லை அண்ணாச்சி!"

கூரைமேலிருந்த சங்கு அண்ணாச்சியிடம் கேட்டது. "ஊதவா?"

"சும்மா கிடவே. மழையே இல்லையாம்," என்றார் அண்ணாச்சி.

கொஞ்ச நேரத்தில் ஓடை சிவந்து, கரையை மீறி வந்தது. பூமாரி ஒரு சாக்கை எடுப்பதற்குள் களத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. அவள் மார்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் நெல்லை வாரினாள். வாரியதெல்லாம் விரலிடுக்கில் போனது. இசக்கிராஜ்தான் அவளைக் கரைக்கு இழுத்து வந்தான்.

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நீ சொன்னியேன்னுதான் தம்பி பரப்பினேன்," என்றாள்.

உள்ளே டிரைவர் மழைமானியிடம் சண்டைக்குப் போனது. "இவ்வளவு மழை பெஞ்சிருக்கு. ஏன் அக்கா சொல்லலை?"

"சொன்னேனே."

"எப்போ?"

"நீ வந்ததும். பேச்சு வருதான்னு கேட்டியே, அப்போ. விடியலிலிருந்து பெய்த அத்தனையும் சொன்னேன்."

"ரெண்டாவது தடவை கேட்டேனே. அப்போ திருப்பிச் சொல்லியிருக்கலாமே?"

"வெப்பமானின்னு நினைச்சியா என்னை? அது நூறு தடவை கேட்டாலும் சொல்லும். நான் சொன்னதும் அழிச்சிருவேன். அழிச்சாத்தானே அடுத்த மழையை எண்ண முடியும்? வாங்கி வச்சுக்க ஆளில்லாம என்னை ஏன் கேட்டே?"

டிரைவர் திரும்பிப் பார்த்தது. தான் எழுதிய "மழைமானி நலம்" திரையில் அப்படியே நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அதற்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"அழாதவே," என்றார் அண்ணாச்சி. "நான் என்ன பெரிய யோக்கியனா? நீர் சொன்னதும் வாயைப் பொத்திக்கிட்டு நம்பினவன்தானே."

இசக்கிராஜ் மறுபடி உட்கார்ந்தான். கேட்பதற்கு முன்னால் பதிலை வாங்கி வைக்க ஓர் இடம் செய்தான். சும்மா பேச்சுக் கொடுத்துப் பார்த்த அந்த ஒரு வரியைத் தூக்கினான். மாற்றியது அவ்வளவுதான். அவ்வளவு சின்ன வேலையாக இருந்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அடுத்த மழைக்குச் சங்கு சரியாக ஊதியது. ஊர் முழுக்கக் களத்துக்கு ஓடியது. பூமாரி மட்டும் தன் வீட்டு வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அள்ள நெல் இல்லை.