நடுங்குகிறவளின் சாட்சி

"சிஸ்டர், இந்தப் பயத்த எப்படித் தொரத்துறது?"

பியூலா இன்னும் உட்காரக்கூட இல்லை. கேள்வியைக் கேட்ட பிறகுதான் நாற்காலியைப் பார்த்தாள்.

எதிரே இருந்தவர் பெனிட்டா. தூத்துக்குடியில் மனநல ஆலோசனை தருகிற கன்னியாஸ்திரி, பியூலாவைவிட வயதில் இளையவர். பியூலாவோ பெந்தெகொஸ்தே சபைக்காரி. கத்தோலிக்கக் கன்னியர் மடத்துப் படியேறினாள் என்று தெரிந்தால் சபையில் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். தெரிந்தேதான் வந்திருந்தாள். வேறு போக்கிடம் இல்லை.

சபையில் ஆராதனைப் பாட்டை நடத்துகிறவள் அவள்தான். கொஞ்ச காலமாக மைக்கைப் பிடித்தாலே நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, கை நடுங்குகிறது. பயத்தின் ஆவி என்று சொல்லிவிட்டார் பாஸ்டர். அதைத் துரத்தி, விடுதலை கிடைத்தது என்று எல்லார் முன்னும் சாட்சி சொல்ல வேண்டும். அப்புறம்தான் மறுபடியும் மைக். அந்தச் சபை வழக்கம் அப்படி.

வருகிற ஞாயிறு சொல்லாவிட்டால் பாட்டு வேறொருத்திக்குப் போய்விடும். நடுக்கம் இருந்தாலும் இல்லை என்று விசுவாசத்தோடு சொல், சொன்னபடி ஆகும் என்று பாஸ்டர் வழியும் காட்டியிருந்தார். பொய் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. பாடாமல் இருக்கவும் முடியாது.

"உபவாசம் இருந்து பாத்தேன். இயேசு நாமத்துல வெரட்டிப் பாத்தேன். போக மாட்டேங்கு."

"வெரட்டும்போது பாடுனீங்களா?"

"எப்படிப் பாட? வெரட்டவே நேரம் சரியா இருக்கு."

பெனிட்டா எழுந்துபோய் இன்னொரு நாற்காலியை இழுத்துவந்து, பியூலாவின் பக்கத்தில் போட்டார்.

"இது யாருக்கு?"

"உங்க பயத்துக்கு. கூடவே வந்திருக்குல்லா."

பியூலாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. பிசாசை எதிர்த்து நிற்கப் படித்தவள் அவள். அதற்கு நாற்காலி போட்டு உபசரிக்கவா இவ்வளவு தூரம் வந்தாள்? பயத்தை ஏற்றுக்கொள், கூடவே வைத்துக்கொள் என்பதெல்லாம் தோற்றுப்போனவர்கள் பேச்சு என்று முகத்துக்கு நேரே சொன்னாள். விசுவாசிகளிடம் இந்த வைத்தியம் செல்லாது என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

பெனிட்டா அதைப் பார்த்தார். தண்ணீர் கொடுக்கவில்லை, தேற்றவும் இல்லை.

"அக்கா, சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல ஆண்டவருக்கு ஏன் அப்படி வேர்த்துச்சு?"

"வேதனை. வரப்போறது தெரியும்லா அவருக்கு."

"விசுவாசம் பத்தலையோ?"

"பாத்துப் பேசுங்க சிஸ்டர்."

"இது என்னவிட்டுப் போகட்டும்னு ஜெபம் பண்ணுனாரே. போச்சா?"

பியூலா வேதத்தில் அந்த அதிகாரத்தை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறாள். இந்த இடத்தில் ஒரு நாளும் நின்றதில்லை.

"போகல," என்றாள் கடைசியில்.

"பெறகு என்ன செஞ்சாரு?"

"எந்திரிச்சுப் போனாரு."

பெனிட்டா போய்க் கதவைத் திறந்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தகரக் கொட்டகை நிரம்பி வழிந்தது. சாட்சி நேரத்தில் பாஸ்டர் பியூலாவின் பெயரைச் சொல்லி அழைத்தார். அவள் மேடையேறி மைக்கை வாங்கினாள்.

வாங்கியதுமே நடுக்கம் வந்துவிட்டது. மைக் தாடையில் இடித்து, ஒலிபெருக்கியில் கரகரவென்று கேட்டது. முன்வரிசைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பியூலாவுக்கு வெட்கமாக இருந்தது. ஓடிவிடலாம் போலவும் இருந்தது. ஓடவில்லை. நடுக்கத்தை மறைக்க இன்னொரு கையால் மைக்கைப் பிடிக்கவும் இல்லை.

பாஸ்டர் பக்கத்தில் வந்து கையை நீட்டினார்.

"கொடுங்க சிஸ்டர். முதல்ல ஜெபிப்போம். இது போகட்டும், அப்புறம் பாடலாம்."

அவள் கொடுக்கவில்லை. அவர் மைக்கைப் பிடித்து மெதுவாக இழுத்தார். அவள் விடவில்லை. கொட்டகையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அது போறப்ப போகட்டும் பாஸ்டர்," என்றாள் பியூலா. குரலும் நடுங்கியது. "எனக்குப் பாட்டு இருக்கு."